லிஃப்ட் போட்ட வண்டியில் முன் ஆக்சில் ஜாயின்ட் தேய்மானம்: அளப்பது முதல் மாற்றுவது வரை

மதுரைப் பக்கம் தார், வி-கிராஸ் போன்ற ஃபோர் வீல் வண்டி வாங்குகிறவர்களில் பலருக்கு முதல் ஆசை பெரிய டயர், அடுத்த ஆசை லிஃப்ட், அதாவது வண்டியைக் கம்பெனி உயரத்தைவிடத் தூக்கி நிறுத்துவது. மேலூர்ப் பக்கம் குவாரிப் பாதையில் போகிறவருக்கும் சிறுமலைத் தோட்டத்துக்கு ஏறுகிறவருக்கும் அது தேவை. பைபாஸ் ரோட்டிலேயே சுற்றுகிறவருக்கு அது பார்வைக்கு. எதுவானாலும் சில மாதம் கழித்து வரும் புகார் ஒன்றுதான்: ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பினால் முன் பக்கம் 'டக் டக் டக்'. கடைக்குப் போனால், "ஆக்சில் போயிருச்சுண்ணே, மாத்திரலாம்" என்பார்கள். மாற்றியதும் சத்தம் போகும். அப்புறம் மறுபடி வரும். "சாமான் டூப்ளிகேட்டு" என்று ஸ்பேர்ஸ் கடைக்காரரைத் திட்டுவதோடு கதை முடியும்.

பெரும்பாலும் சாமான் மேல் தப்பில்லை. பழைய ஜாயின்ட்டைத் தின்ற கோணம் அப்படியே இருக்கிறது, புது ஜாயின்ட்டும் அதே கோணத்தில்தான் ஓடுகிறது. அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் அளவு டேப்பை எடுங்கள்.

உங்கள் வண்டியின் முன் பக்கம் எந்த வகை

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே போக வேண்டாம், ஏனென்றால் இரண்டு வகைக்கும் வியாதி வேறு.

2020-க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார், இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் இரண்டிலும் முன்னால் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் (வீலைச் சேஸிஸோடு இணைக்கும் கை), நடுவில் காயில் ஸ்பிரிங். ஒவ்வொரு வீலும் தனித்தனியாக ஏறி இறங்கும். டிஃப்ரென்ஷியல் (இன்ஜின் முறுக்கை இரண்டு வீலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸிஸோடு நிற்கும். அதிலிருந்து வீலுக்கு ஒரு சின்ன ஷாப்ட் போகும், அதன் இரண்டு முனையிலும் சிவி ஜாயின்ட், அதாவது மடங்கினாலும் சீரான வேகத்தில் சுற்றும் மூட்டு. அதற்கு முந்தைய தார் சிஆர்டிஇ-யிலும் இதே கதைதான், ஆனால் காயிலுக்குப் பதிலாக டார்ஷன் பார், அதாவது முறுக்கப்பட்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி.

ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப் வகையறாவில் முன்னால் முழு ஆக்சில் கட்டை, அதைப் பிடிக்கப் பட்டை ஸ்பிரிங். இங்கே டிஃப்ரென்ஷியல் ஆக்சிலோடு சேர்ந்தே ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் ஜாயின்ட் ஸ்டியரிங் திரும்புவதற்காக மட்டும் மடங்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். கட்டை ஆக்சில் வண்டியில் லிஃப்ட் போட்டால் வீல் பக்கத்து ஜாயின்ட்டின் கோணம் ஒரு டிகிரிகூட மாறாது. ஆக்சில் இருந்த இடத்தில் இருக்கிறது, உயர்ந்தது பாடி மட்டும்தான். ஜிப்ஸிக்காரரிடம் யாராவது "லிஃப்ட் போட்டதால ஆக்சில் ஜாயின்ட் தேஞ்சிருச்சு" என்று சொன்னால், காரணத்தை வேறு இடத்தில் தேடச் சொல்லுங்கள். கடைசியில் அதற்குத் தனியாக வருகிறேன். முதலில் தனித்தனி வீல் வண்டி, ஏனென்றால் அடி அதிகம் படுவது அங்கேதான்.

தூக்கினால் உள்ளே என்ன நடக்கிறது

வெளிப் பக்க ஜாயின்ட்டில் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்து நிறுத்தும் கூண்டு, குண்டுகள் ஓட வளைந்த தடங்கள். ஷாப்ட் நேராக இருந்தால் குண்டுகள் தடத்தில் அசையாமல் உட்கார்ந்தே சுற்றும். கோணம் வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தடத்தில் முன்னும் பின்னும் ஓடும். கோணம் மூன்று மடங்கானால் அந்த ஓட்டமும் ஏறத்தாழ மூன்று மடங்கு. உராய்வு கூடும், சூடு கூடும், கிரீஸ் இளகும்.

உள் பக்க ஜாயின்ட் பெரும்பாலும் மூன்று ரோலர் உள்ள ட்ரைபாட். வீல் ஏறி இறங்கும்போது ஷாப்ட்டின் நீளம் மாற வேண்டுமே, அதற்காக உள்ளேயும் வெளியேயும் நழுவுகிற வேலை இதனுடையது. கோணம் கூடினால் இது ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று முறை பக்கவாட்டில் உதைக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வண்டி முன்னால் சிலுப்புகிறதே, அது இந்த உதைதான்.

கணக்கைப் பார்த்துவிடலாம். உள் ஜாயின்ட் மையத்திலிருந்து வெளி ஜாயின்ட் மையம் வரை 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி உயரத்தில் வெளி ஜாயின்ட் உள்ளதைவிட 25 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. 25-ஐ 450-ஆல் வகுத்து, அந்த சைன் மதிப்புக்கு உரிய கோணத்தைப் பார்த்தால் 3.2 டிகிரி. 50 மி.மீ. லிஃப்ட் போட்டதும் தாழ்வு 75 ஆகிறது. கோணம் 9.6 டிகிரி. நேர் ரோட்டில், ஸ்டியரிங்கைத் தொடாமல், கப்பலூரிலிருந்து விருதுநகர் வரை போனாலும் ஜாயின்ட் அந்த 9.6-லேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது கணக்கு வேறு. வீல் ஏற்கெனவே 35 டிகிரி திரும்பியிருந்தால், அதோடு 9.6 சேர்ந்து 44.6 ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு திசைக் கோணங்கள், சேர்ந்தால் 36 டிகிரிதான் வரும். அதாவது வெளி ஜாயின்ட்டைத் தின்பது திருப்பம் என்று நினைக்கிறோம். உண்மையில் நேர் ரோட்டில் நாள் முழுக்க நடக்கும் அந்த மூன்று மடங்கு தேய்மானம்தான் தின்கிறது. திருப்பத்தில் கேட்பது தேய்ந்த ஜாயின்ட்டின் குரல்.

எப்படித் தூக்கினீர்கள் என்பதில்தான் பாதி விடை

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா லிஃப்ட்டும் ஒன்றுபோலத் தெரியும். ஜாயின்ட்டுக்கு அப்படி இல்லை.

சந்தையில் மலிவானது, ஷாக் மேல் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர். ஷாக் வீலுக்கு நேர் மேலே இல்லாமல் ஆர்மின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பதால், 25 மி.மீ. ஸ்பேசர் வீலில் 40 முதல் 50 மி.மீ. வரை தூக்கிவிடும். 'ஒரு இஞ்ச் ஸ்பேசர்தானே' என்று போட்டுவிட்டு 'என்னண்ணே இவ்ளோ ஏறிருச்சு' என்று கேட்பவர்கள் உண்டு. உயரத்தைவிடப் பெரிய வினை ஒன்று இதில் இருக்கிறது. ஷாக் மொத்தமாகவே கீழே இறங்கிவிடுவதால், வீல் அந்தரத்தில் தொங்கும்போது முன்னைவிட 50 மி.மீ. கூடுதலாகத் தொங்கும். மேலே சொன்ன உதாரணத்தில் வீலின் கீழ்த் தொங்கல் 90 மி.மீ. என்றால், கம்பெனி நிலையில் கடைசிக் கோணம் 14.8 டிகிரி. தலை ஸ்பேசர் போட்டபின் 21.5 டிகிரி. ட்ரைபாட் ஜாயின்ட்டுகளின் எல்லை பொதுவாக இருபதுகளின் நடுவில்தான். பள்ளத்தில் ஒரு வீல் தொங்க, ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது, அல்லது ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் ஸ்பேசர் வைப்பது. நிற்கும் உயரம் கூடும், ஆனால் ஷாக்கின் நீளம் மாறாததால் தொங்கல் எல்லை பழைய 14.8-லேயே நிற்கும். நிற்கும் கோணம் கூடியிருக்கும், கடைசிக் கோணம் கூடாது. ஜாயின்ட்டுக்கு இது எவ்வளவோ மேல். இதற்குக் கொடுக்கும் விலை வேறு: கீழே இறங்க இருந்த 90 மி.மீ. இப்போது 40 ஆகிவிடும், வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கு வந்து 'டங்' என்று அடிக்கும். டார்ஷன் பார் வண்டியில் போல்ட்டை முறுக்கி உயர்த்துவதும் இந்தக் குடும்பம்தான். காசே செலவில்லை என்பதால் முறுக்கிக்கொண்டே போவார்கள், மேல் ஆர்ம் தொங்கல் ரப்பரில் போய் ஒட்டிக்கொள்ளும் வரை.

மூன்றாவது, முழு செட்: நீளமான ஷாக், புது ஸ்பிரிங், மாற்று மேல் ஆர்ம், சில செட்டில் டிஃப்ரென்ஷியலை இறக்கும் துண்டுகள். செலவு அதிகம். ஆனால் 50 மி.மீ.க்கு மேல் போக ஆசைப்பட்டால் இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். ஒரு நினைவூட்டல்: தாரின் கம்பெனி தரை இடைவெளியே 226 மி.மீ. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுக்கு லிஃப்ட்டே தேவையில்லை.

வீட்டு வாசலிலேயே அளப்பது எப்படி

சமதளம் வேண்டும். சிமென்ட் போட்ட வாசல் போதும். டயரில் காற்றைச் சரியாக அடித்துக்கொள்ளுங்கள், டேங்கில் பாதி டீசலாவது இருக்கட்டும். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி நிறுத்தி, முன் பம்பரை அழுத்தி அழுத்தி விடுங்கள், அப்போதுதான் ஸ்பிரிங் தன் உயரத்துக்கு உட்காரும்.

முதலில் உயரம். வீலின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை செங்குத்தாக அளந்து, இடது வலது இரண்டையும் எழுதுங்கள். டயரை மாற்றினாலும் இந்த அளவு மாறாது, அதனால் தரையிலிருந்து அளப்பதைவிட இதுதான் நம்பகம். லிஃப்ட் போடாத அதே மாடல் வண்டி தெரிந்தவரிடம் இருந்தால் அதையும் அளந்துவிடுங்கள். வித்தியாசம்தான் உங்கள் உண்மையான லிஃப்ட், பெட்டியில் அச்சடித்திருப்பது இல்லை.

அடுத்து கோணம். போனில் சாய்மானம் காட்டும் ஆப் போதும். ஷாப்ட்டின் நடுத் தண்டைத் துடைத்து, அதன் மேல் போனின் விளிம்பை நீளவாக்கில் வையுங்கள். தரையின் சாய்மானத்தையும் ஒருமுறை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

இப்போது சேஸிஸில் ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்ட் வைத்து, வீல் இரண்டும் தொங்கும்படி விட்டு மறுபடி அளங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் வேண்டாம், செங்கல் எச்சரிக்கை கொடுக்காமல் உடையும். தொங்கும் நிலையில் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்றினால் சரி. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பிடித்து விட்டால், உள் ஜாயின்ட் அதன் எல்லையைத் தொடுகிறது.

என் கணக்கு இது: நிற்கும் கோணம் 7, 8 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். 10-ஐத் தாண்டினால் ஜாயின்ட் மாற்றும் செலவை வருடச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது உயரத்தைக் குறையுங்கள். தொங்கும்போது 20-ஐத் தாண்டினால் அதை முதலில் அடக்கணும்.

சத்தத்தை வைத்துப் பிடிப்பது

ஊர்ப் பொட்டலில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடியை இறக்கி, ஃபோர் வீலில் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். மண் தரையாக இருக்கட்டும், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் வேண்டாம். 'டக் டக்' வேகத்தோடு கூடினால் வெளி ஜாயின்ட். இடதுபுறம் திருப்பும்போது கேட்டால் பொதுவாக வலதுபுற ஜாயின்ட், வெளிவட்டத்தில் சுமை அதற்குத்தான். பொதுவாக என்றுதான் சொல்கிறேன், கடைசித் தீர்ப்பு கையால் ஆட்டிப் பார்த்தபின்.

நேர் ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிலுப்பி, காலை எடுத்தால் அடங்கினால் உள் ஜாயின்ட். ரிவர்ஸிலிருந்து முன்னால் மாற்றும்போது ஒரே ஒரு 'டொக்' வந்தால் உள் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம், ப்ரொபெல்லர் ஷாப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து டிஃப்ரென்ஷியலுக்குப் போகும் நீள ஷாப்ட்) முனையில் உள்ள சிலுவை மூட்டான கிராஸாகவும் இருக்கலாம். வேகத்தோடு ஏறும் 'ஊம்' என்ற இரைச்சல் ஹப் பேரிங்கைக் காட்டும், ஆனால் முரட்டுப் பட்டன் டயர் போட்டவர்களுக்கு இந்தச் சத்தத்தைப் பிரித்தறிவது கஷ்டம். லேசாக ஸ்டியரிங்கை இடம் வலமாக அசைத்தால் இரைச்சல் மாறுகிறதா பாருங்கள். மாறினால் பேரிங்.

பள்ளத்தில் விழும்போது மட்டும் வரும் 'லொடக்' ஆக்சில் சம்பந்தப்பட்டதே இல்லை. அதற்கு ஆர்மையும் வீல் பக்கத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டைப் பாருங்கள். லிஃப்ட்டில் சிவி ஜாயின்ட்டுக்கு அடுத்தபடியாக அடி வாங்குவது மேல் பால் ஜாயின்ட். ஆர்ம் கீழ்நோக்கிச் சாயச் சாய அதன் தண்டு கிண்ணத்தின் ஓரத்தில் போய் இடிக்கும், ரப்பர் மூடி பிதுங்கிக் கிழியும். சோதனை எளிது. கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வீலைத் தூக்குங்கள், அப்போதுதான் ஸ்பிரிங்கின் சுமை பால் ஜாயின்ட்டிலிருந்து விலகும். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் ஹப் பேரிங், போகாவிட்டால் பால் ஜாயின்ட். டயரின் இரு பக்கத்தைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து வீலுக்கு வரும் கம்பியின் முனை மூட்டு.

கடைசியாக ஷாப்ட்டைப் பிடித்து ஆட்டுங்கள். உள்ளே வெளியே நழுவினால் பயப்படாதீர்கள், ட்ரைபாட் அப்படித்தான் இருக்கும். மேலும் கீழும் லொடலொடவென்று ஆடினால்தான் தேய்மானம்.

பூட்: பத்து நிமிஷம் ஒதுக்க வேண்டிய இடம்

ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட், ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். கோணம் கூடினால் ஒரு பக்கம் விரிந்து, எதிர்ப் பக்க மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி உரசும். ஷாப்ட் சுற்றுவதால் ஒவ்வொரு மடிப்பும் முறை வைத்து உரசலுக்கு வரும். முதலில் மடிப்பின் முகடு மங்கிப்போகும், பிறகு மயிரிழை வெடிப்பு, பிறகு கிழிசல்.

நம் பக்க மண் இதற்கு எண்ணெய் ஊற்றும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசலில் மழை நேரத்தில் வண்டியை இறக்கினால், சேறு மடிப்புக்குள் போய் அப்பிக்கொள்ளும். இரண்டு நாள் வெயிலில் அது சட்டிபோல இறுகிவிடும். அப்படியே ஓட்டினால் மடிப்பு மடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காய்ந்த மண்ணின் விளிம்பு ரப்பரை அறுக்கும். மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசு இன்னொரு வகை: கிழிசல் வழியாக உள்ளே போய் கிரீஸோடு கலந்தால் எமரித் தூள் போட்டு அரைப்பதற்குச் சமம். ஆகவே கரிசலில் இறங்கினால் மண் காய்வதற்குள் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை பூட்டின் கிளாம்ப்புக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள், தண்ணீர் உள்ளே போகும்.

பார்க்கும் விதம்: வீலை முழுசாக ஒடித்துவிட்டு, டார்ச் அடித்து, விரலால் ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். வீலின் உட்புறத்திலோ பிரேக் மூடியிலோ கறுப்பாகக் கிரீஸ் தெறித்த கோடு இருந்தால் பூட் எங்கோ திறந்திருக்கிறது. சத்தம் இன்னும் வராத நிலையில் கிழிசலைப் பிடித்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்தபின் பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

முதலில் கோணம், பிறகு ஜாயின்ட்

தலை ஸ்பேசர் போட்டிருந்து தொங்கும் கோணம் அதிகமாக இருந்தால், மலிவான வழி ஸ்பேசரைக் குறைப்பதுதான். 25 மி.மீ. துண்டை லேத்துப் பட்டறையில் கொடுத்து 15-ஆகக் கடைந்து வாங்கலாம். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஜாயின்ட்டுக்குத் தெரியும். அதற்கு மனசு வராதவர்கள் தொங்கலைக் கட்டுப்படுத்தும் பட்டை போடலாம், அல்லது சரியான நீளமுள்ள ஷாக்குக்குப் போகலாம்.

டிஃப்ரென்ஷியலை 20, 25 மி.மீ. இறக்குவது இன்னொரு வழி. நம் உதாரணத்தில் 25 இறக்கினால் 9.6 டிகிரி 6.4 ஆகிவிடும், நல்ல பலன்தான். ஆனால் தரை இடைவெளியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். முன் ப்ரொபெல்லர் ஷாப்ட்டின் கோணம் மாறும், அடித் தகடு இடிக்கும், காற்றுக் குழாய் இழுபடும். நீளமான போல்ட் தேவைப்படும்போது தலையில் 10.9 என்று எண் போட்டதாக, கம்பெனி போல்ட்டின் தரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். தெருமுனை ஹார்டுவேர் கடை போல்ட்டில் டிஃப்ரென்ஷியலைத் தொங்கவிடாதீர்கள்.

மாற்று மேல் ஆர்ம் போட்டால் சிவி ஜாயின்ட் கோணம் குறையும் என்று சிலர் விற்கிறார்கள். குறையாது. அது பால் ஜாயின்ட்டைக் காப்பாற்றும், அலைன்மென்ட்டைச் சரிக்கட்டும், அவ்வளவே. அதற்காக வாங்கினால் நல்ல சாமான்தான்.

வெளி ஜாயின்ட்டைக் கழற்றி மாற்றுவது

வண்டி தரையில் நிற்கும்போதே ஹப் நட்டின் லாக்கை விடுவித்து ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். அதற்குப் பிறகு வண்டியை உருட்ட வேண்டாம். தூக்கி ஸ்டாண்ட் வைத்து வீலைக் கழற்றுங்கள். ஏபிஎஸ் சென்சார் வயரை முதலில் விடுவியுங்கள். அவசரத்தில் அறுபடுவது அதுதான். பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், அதன் ஹோஸில் தொங்கக் கூடாது.

டை ராடு எண்டையும் மேல் பால் ஜாயின்ட்டையும் புல்லர் போட்டு விடுவித்தால் நக்கிள் (ஹப்பைத் தாங்கும் பாகம்) வெளிப் பக்கம் சாயும். ஹப் நட்டை மரைக்குச் சமமாகத் திருகி வைத்து, பித்தளைச் சுத்தியலால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் தட்டினால் மரை பிதுங்கும், அப்புறம் லேத்துக்கு அலைய வேண்டும். வெளி முனை விட்டதும் ஷாப்ட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே ட்ரைபாட் கழன்றுவிடும். உள் ஜாயின்ட்டின் ஹவுசிங்குக்குப் பின்னால் லீவர் கொடுத்து மொத்தமாக எடுங்கள். சில வண்டிகளில் அங்கே ஃப்ளாஞ்சும் போல்ட்டும் இருக்கும், அது இன்னும் சுலபம். ஃப்ளாஞ்ச் இல்லாத வண்டியில் ஆயில் கொட்டும், அடியில் தட்டு வையுங்கள். ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

வைஸில் மரத்துண்டு வைத்து ஷாப்ட்டைப் பிடித்து, கிளாம்ப்பை வெட்டி, பூட்டைத் தள்ளுங்கள். வெளி ஜாயின்ட்டின் உள் வளையத்தில் பித்தளைத் தண்டை வைத்துத் தட்டினால் சர்க்ளிப்பை (ஜாயின்ட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையம்) தாண்டி வெளியே வரும். பழைய கிரீஸைத் துடைத்து, டீசலில் கழுவி, வெயிலில் பாருங்கள். தடத்தில் நகம் நுழையும் அளவுக்குக் குழி இருந்தால் முடிந்தது. குண்டுகளிலும் தடத்திலும் நீலம் பாரித்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. கூண்டின் ஜன்னலில் குண்டு லொடலொடத்தாலும் தூக்கி வைத்துவிடுங்கள். தடம் கண்ணாடிபோலப் பளபளத்து, நகத்துக்குத் தட்டுப்படாமல் இருந்தால் மறுபடி போடலாம்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளி ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் கலந்த கறுப்பு சிவி கிரீஸ். பூட் கிட்டோடு வரும் பாக்கெட் முழுவதும் உள்ளே போகணும், முக்கால்வாசி குண்டுகளுக்குள் அழுத்தி, மீதி பூட்டுக்குள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண மஞ்சள் கிரீஸை அடைத்துவிட்டு 'கிரீஸ்தானே' என்பவர்களிடம் வாக்குவாதம் வேண்டாம், வேறு கடை பாருங்கள். உள் ஜாயின்ட்டுக்குத் தனி கிரீஸ் கொடுத்திருந்தால் இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

புது சர்க்ளிப் போட்டு ஜாயின்ட்டைத் தட்டி ஏற்றுங்கள், 'கிளிக்' என்று உட்கார்ந்ததும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பூட்டின் உதட்டைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். காற்று அடைபட்ட பூட் சூட்டில் உப்பி, மடிப்புகள் இன்னும் வேகமாக உரசும். கிளாம்ப்பை அதற்குரிய இடுக்கியால் இறுக்குங்கள், கட்டுக்கம்பி வேண்டாம்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். ஹப் நட்டு புதிதாக இருக்கட்டும், சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். ஹப் நட்டு இறுகாத நிலையில் வண்டியின் எடையை அந்த வீலில் இறக்கக் கூடாது, பேரிங் கெட்டுவிடும். அதனால் ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, அந்தரத்திலேயே ஓரளவு இறுக்கிவிட்டுப் பிறகு தரையில் கடைசி டார்க் கொடுங்கள். டிஃப்ரென்ஷியல் ஆயில் மட்டத்தைச் சரிபாருங்கள்.

ஜிப்ஸி, பழைய ஜீப்

இங்கே வீல் பக்க ஜாயின்ட் தேய்ந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: நக்கிள் உருண்டையைத் துடைக்கும் சீல் கிழிந்து தண்ணீர் போனது, கிரீஸ் தீர்ந்தது, அல்லது பெரிய டயர். டயரின் ஆரம் கூடினால், பாறையில் பிடி கிடைக்கும் நேரத்தில் ஜாயின்ட்டுக்கு வரும் முறுக்கும் அதே விகிதத்தில் கூடும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இருந்தாலே ஆயுள் கூடும்.

லிஃப்ட்டால் இங்கே அடி வாங்குவது ப்ரொபெல்லர் ஷாப்ட்டின் கிராஸ். சிவி ஜாயின்ட் போல கிராஸ் சீராகச் சுற்றாது. 10 டிகிரிக் கோணத்தில் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சுமார் ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். 20 டிகிரியில் அது ஆறு சதவீதம். இரண்டு முனைக் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று அடித்துவிடும். லிஃப்ட்டில் அந்தச் சமம் கெடும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து ஆக்சிலைத் திருப்பிச் சரிசெய்யலாம்தான். ஆனால் முன் ஆக்சிலில் பினியனை (ப்ரொபெல்லர் ஷாப்ட் வந்து சேரும் முனை) மேலே தூக்கினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். ஒன்றை வாங்க ஒன்றை விற்கிற பேரம் இது. நான் ஸ்டியரிங் பக்கம்தான் நிற்பேன்: கிராஸ் மலிவு, மாற்றிக்கொள்ளலாம்.

குருவி கத்துவதுபோல 'கீச் கீச்' வேகத்தோடு கூடினால் கிராஸ் காய்ந்திருக்கிறது. நிப்பிள் இருந்தால் நான்கு கப்பிலும் கிரீஸ் பிதுங்கும் வரை அடியுங்கள். ஒரு கப்பில் மட்டும் வராமல் நின்றால் அந்தக் கிராஸை மாற்றிவிடுங்கள்.

ஓட்டும் விதம், அலைன்மென்ட், சட்டம்

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு கொடைக்கானல் ஏறாதீர்கள். நடுவில் டிஃப்ரென்ஷியல் இல்லாத வண்டியில், வளைவில் முன் பின் வீல்கள் வேறு வேறு தூரம் ஓடுவதால் முறுக்கு உள்ளேயே தேங்கும், அதை ஜாயின்ட்டுகள்தான் தாங்கும். ஜிப்ஸி போல ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் ரோட்டில் அதைத் திறந்து வையுங்கள், முன் ஷாப்ட் சுற்றாது, தேயாது.

உயரத்தை எப்போது மாற்றினாலும் அலைன்மென்ட் கட்டாயம். டோ (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிற கடையில் கேம்பரும் (வீலின் பக்கச் சாய்வு) காஸ்டரும் அச்சடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் இது பேச்சுக்கு வரும். தூக்குவதற்கு முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியதும் ஆர்ம் போல்ட்டுகள், டிஃப்ரென்ஷியல் போல்ட்டுகள், பூட் கிளாம்ப் மூன்றையும் ஒருமுறை பாருங்கள், கோணத்தையும் மறுபடி அளங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருக்கும். கழற்றிய பழைய ஷாப்ட்டில் பூட் மட்டும்தான் கிழிந்தது, குண்டும் தடமும் நன்றாக இருக்கிறது என்றால் எடைக்குப் போடாதீர்கள். புது பூட், கிரீஸ் போட்டு, பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி வையுங்கள். பல வண்டிகளில் இடதும் வலதும் நீளம் வேறு, அதனால் எந்தப் பக்கம் என்று தண்டில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.